மாமாவின் கசப்புப் பொடி

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் டாக்டர் என்று பெயர். படித்தது எட்டாவது, தொழில் முடிதிருத்துவது. பட்டம் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மூட்டுவலி என்றால் ஓர் இலை சொல்வார், மூச்சு வாங்கினால் ஒரு வேர். ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால், "இப்ப இல்ல, வரும் பாருங்க" என்று ஓர் எச்சரிக்கை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாராலும் தலையை ஆட்டி மறுக்க முடியாது. அதை மாமா சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். நான் அதே கடையில் இரண்டாவது நாற்காலிக்காரன். குடியிருப்பது அவர் வீட்டு மாடி அறையில், சாப்பாடும் அங்கேதான். எனக்குத் தப்பிக்க வழியே கிடையாது.

அவருக்கே சர்க்கரை வந்ததுதான் வேடிக்கை. நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. கால் மரத்துப்போகிறது என்றார். தாகம் அடங்கவில்லை. ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் ரெண்டு தரம் பின்பக்கம் போய்வந்தார். அக்கா அவரைப் பிடித்த பிடியில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மாமா அந்தச் சீட்டைக் கசக்கி எறிந்தார்.

"அத ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விடாது. எங்கிட்ட இல்லாத வைத்தியமா?"

மறுநாள் மொட்டைமாடி முழுக்கப் பாகற்காய்த் துண்டுகள், நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் இலை. என் சட்டையைக் காயப்போட இடமில்லை. எல்லாம் காய்ந்ததும் வறுத்த வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கடையில் காலியான முகப்பவுடர் டப்பாக்களைக் கழுவி அடைத்து வைத்தார். எத்தனை கழுவியும் அந்தப் பொடியில் கடைசிவரை லேசாகப் பவுடர் வாசனை இருந்தது. தினமும் காலையில் அக்கா ஒரு கரண்டி போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். மாமா கண்ணை மூடிக் குடித்துவிட்டு, முகத்தை எட்டுக் கோணலாக்கி, "உள்ள போய் வேல செய்யுது" என்பார். சர்க்கரையே இல்லாத எனக்கும் தனியாக ஒரு டம்ளர். வருமுன் காக்க வேண்டுமாம்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. அதற்கு அடுத்ததில் இன்னும் இறங்கியது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. முடிவு வந்த தாளைக் கடைக் கண்ணாடியின் மேல், சிகையலங்காரப் படங்களுக்கு நடுவே ஒட்டிவைத்தார்.

எதிர்வரிசையில் பேக்கரி வைத்திருந்தவர் மாமாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளியூரில். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை. நாளெல்லாம் கேக்குகளுக்கு நடுவில் நின்றும் ஒரு துண்டு வாயில் வைக்க முடியாத பாவப்பட்ட மனிதர். சவரத்துக்கு வந்தவர், முகத்தில் நுரையோடு அந்தத் தாளையே பார்த்தார்.

"மாத்திரையே இல்லாமலாடா?"

"ஒண்ணுகூட இல்ல. சத்தியமா."

"அப்ப எனக்கும் ஒரு டப்பா குடு."

மாமா மனதறிந்து பொய் சொல்லவில்லை. 

சில மாதம் போனது. பேக்கரிக்காரர் ஒருநாள் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவந்தார். புதுச் செருப்பு பெருவிரலைக் கடித்துவிட்டது, ஆனால் வலியே இல்லை என்றார். வலி இல்லாததை மாமா நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, அதே பொடியைக் குழைத்துப் புண்ணிலும் பூசச் சொன்னார். அன்று சாப்பிடும்போது கடைக்கதையாக அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"மாத்திரையெல்லாம் நிறுத்திட்டாராம். மாமா பொடி மட்டுந்தான்."

அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. "நிறுத்திட்டாரா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அவள் சாப்பிடவில்லை.

கடைப்பக்கமே வராதவள் மறுநாள் கடைக்கு வந்தாள். பேக்கரியில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். பேக்கரிக்காரர் எங்கள் நாற்காலியில்தான் இருந்தார், பாதி சவரம் முடிந்திருந்தது. அக்கா பையிலிருந்து ஒரு சின்ன இடிகல்லையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இவர் குடிக்கிறது வெறும் பொடி இல்லண்ணே. தினமும் மாத்திரைய நுணுக்கி இவர் கஷாயத்துல நான் கலக்கிட்டிருக்கேன். அன்னிக்கு இவர் கசக்கி எறிஞ்ச சீட்ட நான்தான் பொறுக்கி வெச்சேன். நுணுக்கலாமான்னு மருந்துக்கடையில கேட்டுட்டுத்தான் செஞ்சேன். கசப்போட கசப்பு, இவருக்குத் தெரியல. உங்க டப்பாவுல பொடி மட்டுந்தான் இருக்கு. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இதைச் சொன்னால் தன் புருஷன் அந்த டம்ளரை இனிமேல் தொடமாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். பேக்கரிக்காரர் செருப்பைக் கழற்றினார். விரல் கறுத்திருந்தது. மீதி நுரையை நான் துடைத்துவிட்டு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். மாமா கத்தியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

விரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்களாம்.

வீட்டில் மாமா அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் காலையில் கஷாயத்தையும், அதன் பக்கத்தில் முழு மாத்திரை ஒன்றையும் வைப்பாள். இரண்டும் அப்படியே கிடக்கும். கால் மறுபடி மரக்கத் தொடங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு முடி வெட்டினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வீம்புக்காக நீங்களும் கால வெட்டிக்கப் போறீங்களா மாமா?"

"கட்டின பொண்டாட்டியே என்ன முட்டாளாக்கிட்டா. உன் வேலையப் பாரு."

"சரி, என் வேலையப் பாக்கறேன். அவர் இன்னும் பாதி சவரத்தோட படுத்திருக்காரு. நான் போய் முடிச்சிட்டு வரேன்."

மாமா கத்தி, பிரஷ், கிண்ணம் எல்லாவற்றையும் தானே பையில் எடுத்துவைத்தார். நான் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேக்கரிக்காரரைச் சாய்த்து உட்காரவைத்து, நுரை பூசி, வளர்ந்திருந்த தாடியை வழிக்க ஆரம்பித்தார். ஒரு வைத்தியம்கூடச் சொல்லாமல் அவர் சவரம் செய்து நான் பார்த்தது அன்றுதான். பேக்கரிக்காரரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

"உன் பொடி நல்ல பொடிதான்டா. அதுல மாத்திரைய நுணுக்கிப் போட எனக்குத்தான் வீட்ல ஆள் இல்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மாமா கத்தியை அவர் முகத்திலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி நின்று அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார்.

"அந்த மாத்திரையக் குடு."

பேச்சு நின்றபின் அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. அக்கா பழக்கதோஷத்தில் இடிகல்லைத் தேடினாள்.

"நுணுக்க வேணாம். முழுசாவே குடு" என்றார். விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடமே நீட்டினார். "அவன் வீடு திரும்பினதும் மூணு வேளையும் இங்க சாப்பிடட்டும். எனக்கு எடுக்கறப்ப அவனுக்கும் நீயே மாத்திரை எடுத்துக் குடு."