வெள்ளையாக விட்ட இடம்

அமெரிக்காவில் எங்கள் பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மெண்டுக்கு வந்த தமிழ்ச் சங்கப் பொங்கல் மலரைப் பிரித்ததும் அச்சு மை வாசனை வந்தது. அப்பா அச்செழுத்துகளை அடுக்கிப் பக்கம் கட்டும் வேலை பார்த்த, தமிழே மூச்சென்று சொல்லிக்கொண்ட நாளிதழின் அலுவலகம் நினைவுக்கு வந்தது. இன்று அது செல்போன் கடை.

பள்ளி விட்டதும் அங்கேதான் போவேன். இயந்திரம் ஓடினால் பெஞ்சு நடுங்கும், அப்பாவின் டீ டம்ளர் தானாகவே மேஜை ஓரத்துக்கு நகரும். நெருக்கடி நிலையில் தணிக்கை இருந்த நாட்களில், அதிகாரி அடித்துவிட்ட செய்தியின் இடத்தை நிரப்பாமல் வெள்ளையாகவே விடுவார்கள். வாசகர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள், நான் அதில் பென்சிலால் பூ வரைவேன். பிறகு பத்திரிகை ஆசிரியருக்குப் பயம் வந்துவிட்டது. "இனி வெள்ளை விடாதய்யா, சோப்பு விளம்பரம் போடு" என்றார். மறுநாள் அப்பா அந்த விளம்பர அச்சுக்கட்டையை உருவிவிட்டு, வெள்ளையாகவே அச்சுக்கு அனுப்பினார். அன்றே வேலை போயிற்று. அதன்பின் எந்த அச்சகமும் அவரைச் சேர்க்கவில்லை.

மலரில் அந்த ஆசிரியருக்கு நான்கு பக்கம், 'தணிக்கைக்குத் தலைவணங்காதவர்' என்று. அப்பாவைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே கட்டுரை, அதைக் காணோம். மலர் போட்ட பையனுக்கு போன் செய்தேன்.

"கான்ட்ரவர்ஸி வேணாம்னு ட்ராப் பண்ணிட்டோம் ஆன்ட்டி. அந்த எடிட்டரோட பேரன்தான் நம்ம மெயின் ஸ்பான்சர்."

"சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

என் அரைப் பக்கத்தில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் கோட்டு போட்டுச் சிரிக்கிறார். அந்த இடத்தை வெள்ளையாகவாவது விட்டிருக்கலாம்.