தோற்ற ஆட்டங்களை முடித்துவைத்தவன்

ஆரின் ஸ்கார்ஸ்டாட் போன ஜனவரியில் செத்துப்போனான். எங்கள் ஊர்ச் செய்தித்தாள் அவனைப் பற்றி நாலு வரி போட்டது. பிறந்த ஊர், மனைவி பெயர், சர்க்கரை ஆலையில் பார்த்த வேலை, கடைசியாக இப்படி ஒன்று: "ஒரு சேவ் கூட எடுக்காமல் மிக அதிக ஆட்டங்களை முடித்துவைத்த பந்துவீச்சாளர் என்ற எங்கள் லீக்கின் சாதனை இன்றும் இவர் பெயரில் உள்ளது." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியது பொய்யில்லை. உண்மையாக இருந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாமா?

என் பெயர் டுவேன். ஆறு சீசன் ஆரினோடு வேலியோரப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பந்துவீச்சாளர்கள் களத்துக்குள் போகுமுன் அங்கேதான் கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். அவர்கள் வீசுவதைக் குந்தி உட்கார்ந்து பிடித்துத் திருப்பிப் போடுவது என் வேலை. அதற்கு என் வலது முழங்காலும் இரண்டு விரல்களும் சாட்சி.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்குகிறவனே ஒன்பது இன்னிங்ஸும் வீசி முடிப்பது அபூர்வம். கை ஓய்ந்துவிடும். கடைசியில் வேறொருவன் வந்து முடிப்பான். அதில் இரண்டு ரகம். முதல் ரகம், ஒன்றிரண்டு ஓட்டம் முன்னால் இருக்கிற ஆட்டத்தைக் கோட்டை விடாமல் முடித்துக் கொடுப்பவன். அவன் பெயரில் சேவ் என்று ஒன்று எழுதுவார்கள். அவனுக்குச் சம்பளம் ஏறும், மேல் லீக்கிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவான். இரண்டாவது ரகம், பத்து ஓட்டம் பின்னால் கிடக்கிற ஆட்டத்தில் நல்ல கைகளை வீணாக்க வேண்டாமே என்று அனுப்பப்படுகிறவன். விருந்தெல்லாம் முடிந்தபிறகு பாத்திரம் கழுவக் கூப்பிடுகிற மாதிரி. ஆரின் இந்த இரண்டாவது ரகம்.

மோசமான வீச்சாளன் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்ந்த புதிதில் தோற்கிற ஆட்டங்களில் அடி வாங்காமல், முணுமுணுக்காமல் வீசினான். அதுதான் அவன் செய்த தப்பு. இந்த வேலைக்குச் சரியான ஆள் என்று மேனேஜர் க்ளீட் ராடமேக்கர் முத்திரை குத்திவிட்டார். அப்புறம் அவன் என்ன வீசினாலும் அந்த முத்திரை போகவில்லை.

ஊர்க்காரர்களுக்கும் பழகிப்போனது. எங்கள் ஊரில் எல்லோரும் சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு போடுகிறவர்கள், விடிவதற்கு முன்னே வயலில் நிற்க வேண்டியவர்கள். வேலியோரம் ஆரின் எழுந்து கையைச் சுழற்றினாலே, "ஆரின் எந்திரிச்சிட்டான், வண்டிய எடு" என்று உட்காரப் போட்ட போர்வையை மடித்துவிடுவார்கள். அவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது பாதிப் பேர் படி இறங்கிக்கொண்டிருப்பார்கள். அவன் வீசுவது முழுக்க வண்டி கிளம்பும் சத்தத்தில்தான்.

அவன் மனைவி வெர்னா பார்வையாளர் மேடைக்கு அடியில் சாசேஜ் கடை வைத்திருந்தாள். அங்கிருந்து களம் தெரியாது. மேலே எழும் கூச்சல் யாருக்காக என்பதும் புரியாது. புருஷன் பெயர் காதில் விழுந்தால் கதவை இழுத்துவிட்டு அடுப்புக்கல்லைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். கூட்டம் போய்விடும், இனி வியாபாரம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி சீசனில் ஆரினுக்கு முப்பத்து நாலு வயது. அடுத்த வருடம் இடமில்லை என்று ஜூலையிலேயே க்ளீட் சொல்லிவிட்டார். அதே மாதம் அந்தச் சாதனையும் வந்து சேர்ந்தது. கிளப்காரர்கள் அவனைக் களத்துக்கு நடுவில் நிற்கவைத்து ஒரு கேக் வெட்டச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே வெட்டினான். பெஞ்சுக்கு வந்ததும் சிரிப்பைக் காணோம்.

"டுவேன், நான் என்ன, மேல் லீக்குக்கு அனுப்புன்னா கேக்கறேன்? ஒண்ணே ஒண்ணு போதும்டா. ஒரே ஒரு சேவ்."

"க்ளீட்கிட்ட வாயத் தொறந்து கேளேன்."

"கேட்டு வாங்குறதுக்கு அது என்ன காப்பியா? வெர்னாகிட்ட சொல்லிருக்கேன், போறதுக்குள்ள ஒண்ணு எடுத்துடுவேன்னு. அவளும் சரிங்கறா. என்னைப் பாவம்னு நினைச்சுச் சொல்றாளோ என்னமோ."

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் நாங்கள் மட்டை பிடிக்கத் தொடங்கும்போது பெஞ்சிலிருந்த தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஆரினை எழுப்பு. ஒன்பதாவது அவனுக்கு" என்றார் க்ளீட்.

"நாம மூணு ஓட்டம் முன்னால இருக்கோம் சார்."

"எனக்குக் கண்ணு தெரியும்டா" என்று வைத்துவிட்டார்.

வழக்கமாக முடித்துவைக்கிற பையனை முந்தின நாள்தான் மேல் லீக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. க்ளீட் இரக்கப்பட்டாரா, வேறு ஆள் இல்லாமல் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆரின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

விதி இதுதான்: மூன்று ஓட்டமோ அதற்குக் குறைவாகவோ முன்னால் இருக்கும்போது வந்து ஒன்பதாவதை முடித்தால் சேவ். நாலு ஓட்டம் முன்னால் இருந்தால் சேவ் கிடையாது, வெறும் ஆட்டம் முடித்த கணக்கு. அதாவது எங்கள் ஆட்கள் எட்டாவதில் இன்னொரு ஓட்டம் எடுத்துவிடக் கூடாது. என் அணி ஓட்டம் எடுக்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

சேதி மட்டை பிடிக்கிற பையன்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கும் போய்விட்டிருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் போனவன் அடிக்கவே முடியாதபடி மண்ணில் குதித்த பந்துகளுக்கெல்லாம் மட்டையை வீசிவிட்டுத் திரும்பினான். அடுத்தவன் வீசுகிறவன் கைக்கே பந்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தான். க்ளீட் காலணி நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

மூன்றாவதாகப் போனது டெல்மார் குபெஷ். மாடு மாதிரி உடம்பு. ஜூன் மாதத்துக்கு அப்புறம் ஒரு பந்தைக்கூட வேலிக்கு வெளியே அனுப்பியதில்லை. ஆரின் வீட்டுக்குப் பக்கத்து வீடு. டெல்மார் பிள்ளைகள் பாதி நாள் வெர்னா சமையலில்தான் சாப்பிடும். அவன் ஆரினுக்காக அவுட் ஆகவே போனான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பந்தை ஒழுங்காகத் தவறவிட்டான். இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் மூன்றாவது அவுட், எங்கள் எட்டாவது முடிந்துவிடும். மூன்றாவது பந்து புருவ உயரத்தில் வந்தது. கிறுக்கன்கூடத் தொடமாட்டான். டெல்மார் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுற்றினான்.

மட்டையில் பட்ட சத்தம் வேலியோரம் வரை கேட்டது. பந்து எங்கள் தலைக்கு மேலே போய், வேலியைத் தாண்டி, பீட் வயலில் விழுந்தது. ஹோம் ரன், இன்னொரு ஓட்டம்.

களத்தைச் சுற்றி ஓடி வர வேண்டிய டெல்மார் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். நடுவர் கத்தினபிறகுதான் காலை எடுத்து வைத்தான். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்த வருடத்தில் அப்படி ஒரு ஆரவாரத்தை நான் கேட்டதில்லை.

ஆரின் கையில் பந்தோடு வயலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல அடி" என்றான்.

"ஆரின்..."

"நாலு ஆயிடுச்சுல்ல. பந்தப் பிடி, இன்னும் கை சூடாகல."

அடுத்தவன் அவுட் ஆனதும் கேட்டைத் திறந்துகொண்டு ஆரின் களத்துக்கு நடந்தான். ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. ஜனங்கள் போர்வையை மடித்தார்கள். நாங்கள் நாலு ஓட்டம் முன்னால் இருக்கிறோம், பலகையில் அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டேதான் படி இறங்கினார்கள். வண்டிகள் உறுமின. எனக்கு அந்த ஊரையே கொளுத்தலாம் போல இருந்தது.

ஆரின் மூன்று பேருக்கு வீசினான். மூன்று பேரும் காற்றைத்தான் அடித்தார்கள். ஆறு வருடம் அவன் பந்தைப் பிடித்தவன் சொல்கிறேன், அந்த மாதிரி வீச்சை அவன் கையிலிருந்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தானோ. பார்க்கத்தான் ஆளில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். டெல்மார் கடைசியாக வந்தான்.

"கண்ண மூடிக்கிட்டுத்தான்டா சுத்துனேன். என் புள்ளைங்க மேல சத்தியமா."

"தெரியும்டா."

"வருசம் பூரா கண்ணத் தொறந்துக்கிட்டு சுத்துனேன், ஒண்ணும் படல."

"முன்னாடியே மூடித் தொலைச்சிருக்கலாம்ல, மடையா" என்று அவன் தோளில் தட்டினான் ஆரின். டெல்மார் அந்தப் பெரிய உடம்பைக் குலுக்கிக்கொண்டு அழுதான். அந்த ஒரு அடிக்காக டெல்மாரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவன் வந்து சேரவில்லை.

நானும் ஆரினும் மேடைக்கு அடியில் போனோம். கடைக் கதவு முக்கால்வாசி இறங்கியிருந்தது. உள்ளே வெர்னா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? இன்னிக்கு எத்தனைல தோத்தோம்?" என்றாள், திரும்பாமலே.

நான் வாயைத் திறந்தேன். ஆரின் என் கையைப் பிடித்தான். ஏன் பிடித்தான் என்று எனக்குப் புரிந்தது. ஜெயித்தோம் என்று சொன்னால் அவள் சட்டென்று திரும்புவாள். அப்போ சேவா என்று கேட்பாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும்.

"எப்பவும் போலத்தான்" என்றான்.

"சரி விடு. ரெண்டு சாசேஜ் உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். கையக் கழுவிட்டு வா."

ஆரின் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான்.