சிஞ்ஞோரேயின் தலைக்கவசம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் பராமரித்த முதியவரை சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்றுதான் அழைப்பேன். அவர் வீட்டில் ஓர் அறை முழுக்க இரும்பு. வாள்கள், ஈட்டிகள், மார்புக் கவசங்கள், முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசங்கள். எல்லாம் பழைய ஐரோப்பியப் போர்வீரர்களுடையவை. அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியதும், அவருடைய மகள் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார்.

பொருட்களை எடுக்க ஆட்கள் வருவதற்கு முந்திய வாரம், ஒரு வாள் சுவரிலிருந்து இறங்கிச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மறுநாள் அது அவருடைய கட்டிலில், போர்வைக்குள். மகளிடம் சொன்னேன். "அதெல்லாம் மொட்டை, பயப்படாதீர்கள்" என்றார். நான் விரல் வைத்துப் பார்த்திருந்தேன். கூர் இருந்தது.

வியாழக்கிழமை அல்பெர்கேரியாச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் சத்தமே இல்லை. அந்த அறையில் அவர் நாற்காலியில் இருந்தார். தலையில் தலைக்கவசம், முகம் மூடியிருந்தது. கையில் வாள். இரும்புக்குள்ளிருந்து மூச்சு இழுக்கும் ஒலி வந்தது.

"உன்னை யார் அனுப்பியது?" என்று இத்தாலிய மொழியில் கேட்டார். நான்கு வருடமாக நான் ஊட்டிவிட்ட மனிதர்.

என் கணவரைக் கைபேசியில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உடனை வெளியிலை வாரும். கதவைப் பூட்டும்."

"அந்தாளுக்கு மூச்சு முட்டுது. விட்டிட்டு எப்பிடி வாறது?"

"ஏதும் நடந்தா உம்மைத்தான் பிடிப்பாங்கள். ஆம்புலன்சுக்கு அடியும்."

அடித்தேன். இருபது நிமிடமாகும் என்றார்கள். அதற்குள் அந்த இழுப்பு விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது.

தரையோடு தரையாக நகர்ந்து நாற்காலிக்குப் பின்னால் போனேன். அவர் தலையைத் திருப்பப் பார்த்தார், முடியவில்லை. கவசத்தின் கழுத்தடியில் ஒரு கொக்கி இறுகிக் கிடந்தது. இரண்டு பெருவிரல்களாலும் தள்ளினேன். நகம் பிளந்தது. வாள் பின்னோக்கி வந்து என் சட்டைக் கையைக் கிழித்தது. கொக்கி விட்டது. கவசத்தைத் தூக்கிக் கழற்றினேன்.

உள்ளே நீலம் பாய்ந்த முகம். "சாப்பாடு ஆயிற்றா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. அவர் பிழைத்தார். நான் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

போன மாதம் என் மகள் என்னை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். சிஞ்ஞோரே வீட்டுக் கவசங்களைப் பொம்மைகளுக்கு மாட்டி, வாளோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"அம்மா, அதுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ, படம் எடுக்கிறன்."

"வேண்டாம். நான் இஞ்சையே நிக்கிறன்."

வாசலருகே சுவரில் முதுகைச் சாய்த்து, மூடிய அந்த முகங்களைப் பார்த்தபடி, அவள் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.