பிலோமினா சித்தியின் இரண்டு ஆட்டங்கள்

வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டுக்குள் இன்று யாரோ பூசியிருந்த வலித் தைலத்தின் வாசனை வந்தது. உடனே விவேக் நகரில், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று இருந்த மைதானம் நினைவில் விரிந்தது. ஒரு பாதி செம்மண், ஹாக்கிக்கு. மறு பாதி சிமென்ட், பாஸ்கெட்பாலுக்கு. மட்டைகள் மோதுவதும் பந்து துள்ளுவதும் கலந்து கேட்கும் அந்த மாலைகளில், இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய என் அம்மாவின் தங்கை பிலோமினா சித்தி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு அங்கும் இங்கும் மாறி மாறி ஆடுவாள். அவள் எந்த ஆட்டக்காரி என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒருமுறை இரண்டு பயிற்சி முகாம்களும் ஒரே நாளில் தொடங்குவதாகச் சொல்லிவிட்டார்கள். ஹாக்கிக்குப் போகிறேன் என்ற சித்தி, சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பிடிச்சதுக்குத்தானே போற சித்தி, அப்புறம் ஏன் அழுவுற?"

"ரெண்டும் பிடிச்சதுதாண்டி. எது ஜாஸ்தின்னு எனக்கே கொத்தாகல, தெரியவே இல்ல."

மறுநாள் மட்டையோடு பஸ் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே நீண்ட அவள் வலக்கை மேலும் கீழும் அசைந்தது. எனக்குக் கையசைக்கிறாளா, காற்றில் பந்து தட்டுகிறாளா என்று தெரியாமலே நானும் கையசைத்தேன்.