நிலவறைச் சுவரில் கறைகள்

பலேர்மோ நகரின் கால்சாப் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை கிடந்தது. உதிர்ந்த சுவர், மண் தரை, ஈர வாடை. அதைத் திருத்தி மகளுக்கு அறையாக்கித் தருவதாகக் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் எத்தனை காலம் எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுப்பாள்? அவள் பலேர்மோவில் பிறந்தவள். ஊரில் நாங்கள் அனுபவித்த போரைப் பற்றி அவளிடம் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் வைராக்கியமாக இருந்தோம். அந்தப் பயம் எங்களோடு போகட்டும்.

வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவருக்கு ஓய்வு. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கையோடு கீழே இறங்கிவிடுவார். தரைக்குச் சீமெந்து போட்டார், வயர் இழுத்தார், வெள்ளை அடித்தார். சில நாளில் கடைசிச் சுவரில் மஞ்சள் கறைகள் கிளம்பின. வரிசையாக, ஒரே உயரத்தில். ஒன்று மட்டும் சற்றுத் தாழ. திரும்ப அடித்தார். திரும்பவும் வந்தன.

"ஈரமாக்கும்," என்றேன்.

"இல்லையப்பா. சனம் தலை சாய்ச்ச எண்ணெய்க் கறை."

மேல்மாடியில் இருக்கிற வயதான சின்யோரா அம்மா பிறகுதான் சொன்னார்: உலகப் போரில் குண்டு விழும்போது தெருச்சனம் அங்கேதான் குந்தியிருந்ததாம். என் மனிதருக்கு அதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. படி முடியும் இடத்தில், யாரும் கேட்காத குறுக்குச் சுவர் ஒன்றை எழுப்பினார். வளைந்துதான் உள்ளே போகலாம்.

"இதேன்?"

"குளிர் அடிக்கும்."

மிஞ்சிய மணல் மூட்டைகளையும் வாசலில் அடுக்கினார். நான் ஒன்றும் புரியாதவள் போல இருந்துவிட்டேன். புரியாமல் என்ன? ஊரில் எங்கள் வளவில் ஒளிந்திருக்க வெட்டிய பங்கரும் அப்படித்தான் வளைந்திருந்தது, ஷெல் சிதறல் நேரே உள்ளே வராதபடி.

தேவாலயத் திருநாளன்று மத்தியானம் கடற்கரைப் பக்கம் வாணவெடி போட்டார்கள். யன்னல் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவரையும் மகளையும் காணவில்லை. கீழே ஓடினேன். கடைசிச் சுவரில் சாய்ந்து அவர் குந்தியிருந்தார். பக்கத்தில் மகள், காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. அவளுடைய தலை அந்தத் தாழ்ந்த கறையை அளவாக மறைத்தது.

"அப்பாதான் வாயைத் திறக்கச் சொன்னவர், மம்மா. காது வெடிக்காதாம்."

அடுத்த வெடிக்கு என் கால்கள் தாமாகவே மடங்கின. அவளருகே குந்தி நானும் வாயைத் திறந்தேன். தலைக்குப் பின்னால் சுவர் இளஞ்சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி மாதிரி.

வெடி ஓய்ந்ததும் சம்மட்டியைத் தூக்கி அந்தக் குறுக்குச் சுவரில் ஓங்கிப் போட்டேன். அவர் தடுக்கவில்லை, தலை குனிந்துகொண்டார். மகள்தான் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"உடைக்காதேங்கோ, மம்மா. பிறகு நாங்கள் எங்கை ஒளிக்கிறது?"