பாறூக் விட்ட இடைவேளை

செவ்வாய்க்கிழமைகளில் களுதாவளைக்குப் பொட்டணி வியாபாரத்துக்கு வருகிறவர் பாறூக். காத்தான்குடிக்காரர், ஐம்பதை நெருங்குகிறார். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் சாறிகள் கட்டிய பெரிய பொட்டணி ஒன்றும் அதன் மேல் சட்டைத் துணிகள் கட்டிய சின்னப் பொட்டணி ஒன்றும் இருக்கும். இருபத்தாறு வருடமாக இதுதான் தொழில். அதை யாரிடமும் போய்ப் பழகவில்லை. படம் பார்த்துப் பழகினார்.

அதை அவரே சொல்வார். இளவயதில் வாப்பாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பார்ப்பாராம். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை திரையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பார். எந்த இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கடலை தின்னும் கை நின்றுவிடுகிறது என்று கவனிப்பார். முந்நூறு பேரின் கையை ஒரே நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஒரு சாறி விற்பது பெரிய காரியமா என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு என்பதைப் பிறகு பார்ப்போம்.

"படம் பாக்குறதே சரியில்ல. அதுல யாவாரமும் படிச்சிட்டாராம்" என்பாள் அவருடைய மனைவி ஸகியா. சொல்லிவிட்டு, விற்காமல் திரும்பி வந்த சாறிகளை மடித்துக் கொடுப்பாள்.

களுதாவளையில் பதினெட்டு வருடமாக அவர் பொட்டணியை இறக்கி வந்த இடம் கண்ணகையின் வீட்டு வளவு. கண்ணகையும் அவள் கணவர் தங்கராசாவும் வெற்றிலைத் தோட்டம் செய்கிறவர்கள். செவ்வாய் காலையில் வெற்றிலை கிள்ளி அடுக்கி முடிந்ததும் கண்ணகை முற்றத்தில் பாய் விரித்துவிடுவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். தங்கராசாவின் தங்கை இராசாத்தி முதல் ஆளாக வந்து நடுவில் இடம் பிடிப்பாள்.

பாறூக் முதலில் நல்ல சாறியைக் காட்டமாட்டார். நாயகன் முதற்காட்சியிலேயே வந்துவிட்டால் விசில் அடிக்க ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு. அதனால் நல்லதை அடியில் வைத்து வெள்ளைத் துணியால் சுற்றியிருப்பார். அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கை மட்டும் அடிக்கடி அதைத் தொட்டுவிட்டு வரும்.

"வெள்ளத் துணியால சுத்தி வெச்சிரிக்கிறது என்ன காக்கா?" என்று இராசாத்திதான் எப்போதும் கேட்பாள்.

"அது ஒண்டுமில்ல. குருக்கள்மடத்துல ஒரு டீச்சர் கேட்டது."

"காட்டுங்க பாப்பம்."

"அதப் பாத்தா மத்ததெல்லாம் புடிக்காமப் போயிரும், தங்கச்சி. எனக்கெல்லோ நட்டம்."

இதற்கு முன் காட்டும் சாறியும் மட்டமாக இருக்கக்கூடாது. வில்லன் சொத்தையாக இருந்தால் நாயகன் அவனை அடிப்பதில் என்ன மரியாதை என்று சொல்வார். ஆகவே இரண்டாவது நல்ல சாறியை எடுத்து எல்லாரையும் மெச்ச வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டபடி வெள்ளைத் துணியின் முடிச்சை அவிழ்ப்பார். கைபேசியில் சாறி விற்கிறவர்களைப் பற்றிக் கேட்டால், "அதுல எல்லாம் ஒரேயடியாத் தெரியும். கதை இல்ல" என்பார்.

அவருடைய பெரிய வித்தை இடைவேளை. முடிச்சை அவிழ்த்து, சாறியை ஒரு பெண்ணின் தோளில் போட்டு, அவள் கண்ணாடி கேட்கும் நேரத்தில் அதை எடுத்து மடித்துவிடுவார். "இது டீச்சருக்குப் பேசின சாமான். இன்னொண்டு அடுத்த செவ்வாய் கொண்டுவாறன்." அவ்வளவுதான். பொட்டணி கட்டப்பட்டுவிடும். ஒரு கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்த சாறிக்கு யாரும் விலை பேசுவதில்லை என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அப்படி ஒரு டீச்சர் குருக்கள்மடத்தில் இல்லவே இல்லை.

இந்தப் பக்கத்தில் 'மறுகா' என்று ஒரு சொல் உண்டு. பிறகு என்பதற்கும் அதுதான், மேலே என்ன நடந்தது என்று கேட்பதற்கும் அதுதான். சாறிகளை விரித்துக்கொண்டே பாறூக் படக்கதை சொல்லுவார். நடுவில் நிறுத்துவார். பெண்கள் ஒரே குரலில் "மறுகா?" என்பார்கள். அந்தச் சொல்லை வரவழைப்பதுதான் வியாபாரம் என்பது அவர் முடிவு. அதே பெண்கள் வாங்க விருப்பமில்லாதபோதும் "மறுகா பாப்பம்" என்றுதான் சொல்வார்கள். அப்போது அதற்கு 'இல்லை' என்று பொருள்.

இந்த வித்தையெல்லாம் கண்ணகைக்குத் தெரியும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டார். வித்தைக்காரனுக்கும் யாராவது ஒருவரிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதன் பிறகு மற்றப் பெண்களுக்கு முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்காமல், அவருக்கு மட்டும் விளங்கும்படி குத்துவாள்.

"ஹீரோவ வெளிய விடுங்க காக்கா, வெயில் ஏறுது."

"பொறுங்க அக்கா, சண்டை இன்னும் முடியல்ல."

"என்ன நீங்க அக்கா எண்டுறீங்க. நான் உங்கள காக்கா எண்டுறன். ஆரு மூப்பு எண்டு ஒருக்காப் பாப்பமே."

பார்த்தார்கள். கண்ணகை இரண்டு வயது மூப்பு. ஆனாலும் யாரும் அழைப்பை மாற்றவில்லை. காக்கா என்றால் அண்ணன். காத்தான்குடியிலிருந்து வரும் எல்லா வியாபாரிகளுக்கும் அந்த ஊரில் அதுதான் பெயர். யாரும் அதன் பொருளை நினைத்துச் சொல்வதில்லை.

கண்ணகைக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன் இருந்தான். போர்க் காலத்தில் ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனவன் திரும்பவில்லை. பாறூக்கின் இடைவேளையைப் பற்றிச் சிரிக்கும்போது ஒருமுறை அவள் சொன்னாள்: "எங்கட வீட்டுலயும் ஒருத்தன் மறுகா வாறன் எண்டு போனவன். முப்பது வருசத்துக்கு மேலாகுது, இன்னும் இன்டர்வெல்தான்." பாறூக் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஆனால் இடைவேளை விடுவதை நிறுத்தவில்லை.

சென்ற வருடம் வைகாசியில் ஒரு செவ்வாய். வெள்ளைத் துணிக்குள் இருந்தது இளவெற்றிலையின் நிறத்தில் ஒரு சாறி. கரையில் மெல்லிய மஞ்சள் ஓடியது. பாறூக் அதை விரித்தபோது கண்ணகை மற்றவர்களை முந்திக்கொண்டு கையை நீட்டினாள். அதுவரை அப்படிச் செய்ததில்லை. தோளில் போட்டு, தலைப்பைக் கையில் ஏந்தி, வெற்றிலையின் பதம் பார்ப்பதுபோல் விரலால் தடவினாள். மெலிந்திருந்தாள். பாறூக் அதைக் கவனித்தார். தோட்டத்தில் வேலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இத இண்டைக்கே தாங்க காக்கா."

"என்ன விசேசம்?"

"விசேசம் ஒண்டுமில்ல. உடுக்கோணும் போல இரிக்கி."

"விசேசமில்லாத சாறிக்கு என்ன அவசரம்? இது அந்த டீச்சருக்கு."

கண்ணகை சிரித்தாள். "இண்டைக்கு இன்டர்வெல் வேணாம், காக்கா."

"இன்டர்வெல் இல்லாத படம் இரிக்கா?"

"அடுத்த செவ்வாய் நான் இரிப்பனோ தெரியா."

"ஏன், எங்க போறீங்க?"

அவள் சுற்றிப் பார்த்தாள். முற்றத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள், உள்ளே மகள் மேனுகா சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு "மறுகா சொல்றன்" என்று சொல்லிவிட்டுச் சாறியைத் தோளிலிருந்து எடுத்து நீட்டினாள்.

பாறூக்குக்கு அது வழக்கமான பேச்சாகவே கேட்டது. விலை குறைப்பதற்காக மட்டக்களப்பு முழுக்கப் பெண்கள் அவரிடம் இதைவிடப் பெரியதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். புருசன் அடிப்பான் என்பார்கள், நாளைக்கே மத்திய கிழக்குக்கு விமானம் ஏறுகிறேன் என்பார்கள். அவர் சாறியை மடித்தார். மடிக்கும்போது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. இத்தனை வருடத்தில் வித்தை தெரிந்த ஒருத்தியிடமே வித்தை பலித்த முதல் நாள் அது.

அந்தச் சாறியை அவர் வேறு எங்கும் விரிக்கவில்லை. அது கண்ணகைக்குத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேறொரு ஊரில் ஒரு பெண் கேட்டபோது இல்லையென்றார். திங்கட்கிழமை ஸகியாவிடம் கொடுத்து மடிப்புக் கலையாமல் மறுபடி சுற்றச் சொன்னார். "நாளைக்கு ஒரு நல்ல சனத்துக்குக் குடுக்கணும்" என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் எண்ணம் அவருடைய பையிலும், நேரம் இன்னொருவருடைய கையிலும் இருந்தன.

அடுத்த செவ்வாய் கண்ணகையின் ஒழுங்கைக்குள் திரும்பியபோது வேலி நெடுக வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். தங்கராசாவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தார். தங்கராசா எழுந்து அவரை நோக்கி வந்தார்.

"மார்புல கட்டி, காக்கா. எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். பிள்ளைக்குச் சோதனை முடியட்டும், மறுகா சொல்லுவம் எண்டு மறைச்சவ. வெள்ளிக்கிழமை ஒப்பறேசன். நேத்து விடியப்புறம் ஆஸ்பத்திரியில முடிஞ்சிது."

பாறூக்கின் கை பின்னால் இருந்த பொட்டணிக்குப் போனது.

"ஞாயித்துக்கிழமை கொஞ்சம் தெளிவா இரிந்தவ. செவ்வாய் காக்கா வந்தா அந்தப் பச்சைய எடுத்து வைங்க, வீட்ட வந்து உடுப்பன் எண்டவ. நான் மறந்திரிப்பன். உங்களக் கண்டதும் ஞாபகம் வந்திற்று."

மோட்டார் சைக்கிளின் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ வந்து சாவியைத் திருப்பி நிறுத்தினார்கள்.

உள்ளே பெண்களுக்கிடையில் ஒரு தடுமாற்றம். இறந்தவளுக்குக் கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுச் சாறியைப் போர்த்த வேண்டும். அதைக் கோடி என்பார்கள். கண்ணகைக்குக் கோடி போட யாரும் இல்லை. வராத ஒருவனுக்காகக் காத்திருக்கவும் முடியாது, அவனை இறந்தவனாகப் பேசவும் யாருக்கும் வாய் வரவில்லை. அப்போது பாறூக் வெள்ளைத் துணிப் பொதியை இரண்டு கையிலும் ஏந்தியபடி வாசலில் வந்து நின்றார். உள்ளே வருவதா என்று தெரியாமல் தயங்கினார்.

"இத... இத அவவுக்குக் குடுங்க" என்றார்.

மூத்த பெண் ஒருத்தி முகம் சுளித்தாள். "கோடிய அண்ணன் தம்பியெல்லோ கொண்டுவரோணும்."

இராசாத்தி அழுது வீங்கிய முகத்தைத் திருப்பினாள். "பதினெட்டு வருசமா என்னெண்டுகா கூப்பிட்டவ அந்த மனுசன? காக்கா எண்டுதானே? காக்கா எண்டா ஆரு?"

மேனுகா எழுந்து வழி விட்டாள்.

பாறூக் முடிச்சை அவிழ்த்தார். ஆயிரம் தடவை அவிழ்த்த முடிச்சு அன்று இறுகிக் கிடந்தது. சாறியை உதறி விரித்தார். அந்த வளவில் எதுவும் சொல்லாமல் அவர் ஒரு சாறியை விரித்தது அதுதான் முதல் தடவை. இராசாத்தி தலைப்பைப் பிடிக்க, மறுமுனையை அவரே பிடித்துக் கண்ணகையின் மேல் போட்டார். கரையின் மஞ்சள் அவள் தோளில் வந்து நின்றது. அது அவளுக்குப் பொருந்தியது. அதைச் சொல்ல வாய் வந்து, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் வெளியே போய்விட்டார்.

பின்னொரு நாள் பாறூக் சொன்னது இது: "தியேட்டர்ல இன்டர்வெல் விடுறவன்ட கையில மத்தப் பாதி இரிக்கி. பெட்டிக்குள்ள, சுருள் சுருளா. அவன் தைரியமா விடலாம். என்ட கையில என்ன இரிந்த?" இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒன்றைத்தான் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போதும் செவ்வாய்க்கிழமை வருகிறார். பொட்டணியை இராசாத்தியின் வளவில் இறக்குகிறார். எல்லாச் சாறியையும் ஒரேயடியாக விரித்துவிடுகிறார், வெள்ளைத் துணி இல்லை. வியாபாரம் முன்போல் இல்லை. பெண்கள் பார்த்துவிட்டு "மறுகா பாப்பம்" என்று எழுந்து போகிறார்கள். ஒருத்தி ஒரு சாறியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால், "கொண்டு போங்க தங்கச்சி, இண்டைக்கே உடுங்க" என்கிறார். அப்படிச் சொன்னால் அந்தச் சாறியில் ஏதோ பழுது இருப்பதாக நினைத்து அவள் அதைக் கீழே வைத்துவிடுகிறாள்.

வீட்டில் கைபேசியில் இன்னும் படம் பார்க்கிறார். பழைய படங்களில் 'இடைவேளை' என்ற எழுத்து வந்து, இரண்டு விநாடியில் மறுபாதி தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தில் அவர் படத்தை நிறுத்திக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். கூட இருந்து பார்க்கும் ஸகியா, முன்பு படத்தையே குறை சொன்னவள், "மறுகா என்னவாம்?" என்று கேட்கிறாள்.

"தெரியா" என்கிறார்.