இடது பக்கம் தள்ளிய போர்டு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட கையோடு, 2006இல், நாங்குநேரியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறியவள் இசக்கிசெல்வி. செல்போன் கம்பெனி லைனில் எட்டு வருஷம் சோல்டரிங் வேலை, அதாவது சர்க்யூட் போர்டில் ஈயத்தை உருக்கி ஒட்டுவது. முடித்த போர்டை இடது பக்கம் தள்ளினால் முத்துச்செல்வி வாங்கிக்கொள்வாள். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே அறை, ஒரே ஷிப்ட். நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம். கை தள்ளும், கை வாங்கும், வாய் அதுபாட்டுக்கு ஊர்வம்பு பேசும். அடடா, என்ன காலம் அது! சூப்பர்வைசர் திட்டினால்கூடச் சிரிப்புத்தான் வரும்.

கம்பெனியை மூடினார்கள். முத்துச்செல்வி ஊருக்குப் போய்க் கழுத்தை நீட்டினாள். இசக்கிசெல்விக்கோ படிப்பு ஆசை விடவில்லை. ஒரகடம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அதற்கு வழி இருந்தது. லைனில் கற்ற வேலையைச் செய்து காட்டித் தேறினால், அதையே முதல் வருஷப் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் உட்கார வைப்பார்கள்.

"ரெண்டு வருசம்னா பொறுத்துக்கிடுதேன். தேறலன்னா மறுநாளே வண்டி ஏறிரணும்" என்று அப்பா சுடலை போனில் கறாராகச் சொல்லிவிட்டார். ஊரில் மாப்பிள்ளை தயார்.

தேர்வன்று ஆசிரியர் ரகுபதி பழுதான போர்டு ஒன்றைக் கொடுத்தார். தொட்டதுமே அவளுக்குப் பயம் பறந்துவிட்டது. கை தானாக ஓடியது. முடித்தாள். நிமிராமல் இடது பக்கம் தள்ளினாள். அங்கே யாருமில்லை. போர்டு தரையில் விழுந்து விளிம்பு உடைந்தது.

"இன்னாமா, யாருக்குத் தள்ளி வுட்ட?"

"முத்துச்செல்விக்கு, சார்" என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு. இனி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ரகுபதி போர்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவள் வைத்த ஈயம் அசையவில்லை.

"லைன்ல இருந்தவங்கதான் இப்படித் தள்ளுவாங்க. அழுவாத. இன்னொண்ணு செய்" என்று நாற்காலியை அவளுக்கு இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத எங்கிட்ட தள்ளு."

தேறிவிட்டாள். அப்பாவுக்கும் முன்னால் முத்துச்செல்வியைத்தான் கூப்பிட்டாள். விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறாள் என்று நினைத்து, போர்டைத் தள்ளிய கதையைச் சொன்னாள். முத்துச்செல்வி சிரிக்கவில்லை.

"ஏளா, கீழயா விழுந்துச்சு?" என்றாள். "நான் இருந்திருந்தா பிடிச்சிருப்பேம்லா."